சின்னதுரையின் அக்கா பறந்த நாள்

புனேயைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை மலைக்கும் ஆற்றுக்கும் கொண்டுபோய் விடுவது சின்னதுரையின் சனி, ஞாயிறு வேலை. கோலாடில் ரப்பர் படகில் ஏறி ஆற்றின் வேகத்தில் அலறிக்கொண்டே போகிறவர்கள், காம்ஷேட் குன்றிலிருந்து பாராகிளைடரில் குதிக்கிறவர்கள், சிம்மகட் கோட்டைக்கு மூச்சிரைக்க ஏறி, கடலைமாவுக் குழம்பும் சோள ரொட்டியும் தின்றுவிட்டு இறங்குகிறவர்கள் என்று ஆயிரக்கணக்கானவர்களை அவன் ஏற்றி இறக்கியிருக்கிறான். அந்த இடங்களில் அவனுக்குத் தெரிந்தது வண்டி நிறுத்துகிற மைதானம் மட்டும்தான். ஆட்களை இறக்கிவிட்டுக் கைபிரேக்கை இழுத்தானென்றால், கடைக்கு ஷட்டர் விழுவதுபோல அவன் கண் மூடிக்கொள்ளும். யாராவது கண்ணாடியைத் தட்டும்போது மாலையாகியிருக்கும்.

வாரநாட்களில் வேறு வேலை. ஹிஞ்சேவாடியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு இரவு ஷிப்டு கேப். விடியலில் கடைசி ஆளையும் இறக்கிவிட்டு வானவடியில் தன் வீட்டுக்கு அவன் வந்து சேரும்போது, பக்கத்து குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பள்ளிக்கூட வேனுக்கு நின்றுகொண்டிருப்பார்கள். மனைவி ஈனிட், கேம்ப் பகுதியில் ஒரு பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். அவள் வெளியே போகிற நேரமும் அவன் உள்ளே வருகிற நேரமும் ஒன்று. "நாஷ்டா மூடி வச்சிருக்கேன். சாய் மட்டும் சூடு பண்ணிக்கோங்க" என்பாள். பல நாட்களில் அவர்களுக்குள் நடந்த மொத்தப் பேச்சும் அதுதான்.

இப்படி இருக்கிற நேரத்தில்தான் சாயர்புரத்திலிருந்து அக்கா மரியம்மாள் வந்தாள்.

மரியம்மாள் அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை பார்த்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். அத்தான் இறந்து நாளாயிற்று. மகன் கத்தாரில். தம்பி புனேக்குப் போன நாளிலிருந்து வா வா என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். பள்ளிக்கூடம் லீவு விட்டால் யாராவது ஒருத்தர் வீட்டில் பேறுகாலம், யாராவது ஒருத்தர் வீட்டில் கல்யாணம் என்று அவள் கரண்டியைக் கீழே வைக்கவே முடிந்ததில்லை. வேலை முடிந்து போட்ட மாலை வாடுவதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

ஸ்டேஷனுக்கு அவன் போகவில்லை. அலாரம் வைத்துத்தான் படுத்தான். அலாரம் அடித்ததும் உண்மை, அதை அணைத்ததும் அவன்தான். ஈனிட் பள்ளியில் பர்மிஷன் போட்டுவிட்டு ரிக்‌ஷாவில் போய் அழைத்துவந்தாள். மரியம்மாள் உள்ளே வந்து, பையை வைத்துவிட்டு, கட்டிலில் குப்புறக் கிடந்த தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுப்பட்டா மைனி?" என்று கேட்டாள் ஈனிட்.

"வேண்டாம். எங்க போயிருவான்."

அதற்குப் பிறகும் நாலைந்து நாள் அப்படியே போயிற்று. அவன் வருவான், நாலு வார்த்தை கேட்பான், பதில் வருவதற்குள் கண் சொருகும். ஈனிட்டும் மகள் டானியாவும்தான் அவளைக் கேம்ப்புக்குக் கூட்டிப் போனார்கள். பழைய தேவாலயத்தைப் பார்த்தாள், ஈரானிக் கடையில் வெண்ணெய் தடவிய பன்னைத் தேநீரில் தோய்த்துத் தின்றாள், காய்கறி மார்க்கெட்டில் கத்தரிக்காயை எடுத்து எடுத்துப் பார்த்தாள். எல்லாம் நன்றாயிருந்தது. ஆனால் யாரைப் பார்க்க வந்தாளோ அவனைக் கண் திறந்து பார்க்க முடியவில்லை.

"ஏல துரை, நான் உன்னப் பாக்க வந்தனா, உன் தூக்கத்துக்குக் காவல் இருக்க வந்தனா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. அன்று சாயந்திரம் டூட்டிக்குப் போகுமுன் அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் காட்டப் போனான். பாலத்தின் நடுவில் ஓரமாக நிறுத்தினான். கீழே ஒரு பக்கம் ஆகாயத்தாமரை பச்சைப் பாயாக மூடிக் கிடந்தது. இன்னொரு பக்கம் கரையை அழகு பண்ணுகிறோம் என்று இயந்திரங்கள் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தன. அக்கரையில் புதுக் கட்டடங்கள் பாதி கட்டிய நிலையில் வரிசையாக நின்றன.

மரியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "இது ஓடுதா, நிக்குதா?"

"ஓடத்தான் செய்யும்" என்றான். சொல்லும்போதே சந்தேகமாக இருந்தது. எத்தனையோ வருஷமாகத் தினமும் கடக்கிற ஆறு. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

"ஞாயித்துக்கிழமையாவது வீட்ல இருப்பியா?"

"ஞாயித்துக்கிழமை காம்ஷேட் டிரிப் இருக்கு. சொல்லிப் பாத்தேன், ஆள் இல்லன்னுட்டாங்க."

அந்தச் சிக்கலுக்கு வழி கண்டுபிடித்தவள் டானியா. அவளுக்குத் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். சனிக்கிழமை சாயந்திரம், அந்த டிரிப்பில் இரண்டு பேர் காய்ச்சலென்று வரவில்லையாம் என்று அப்பா சொன்னதும் கேட்டாள்: "அப்போ சீட் காலி தானே அப்பா? அத்தே, நான், ரெண்டு பேர் உக்காந்து வரோம். நீங்க வேலை பண்ணுங்க, நாங்க உங்கள பாக்குறோம்."

டூர் ஆபீசில் கேட்டான். பணம் கட்டிவிட்ட சீட்தான், யார் உட்கார்ந்தாலென்ன என்று விட்டுவிட்டார்கள். ஈனிட்டுக்குச் சர்ச்சில் ஞாயிறு பள்ளி வகுப்பு இருந்தது. அதனால் அக்காவும் மகளும் மட்டும் வந்தார்கள்.

வண்டியில் எல்லாரும் ஹிஞ்சேவாடி கம்பெனி ஆட்கள். இளவட்டங்கள். ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த நண்பர்கள் சிலரும் கூட இருந்தார்கள். முரளி என்று ஒரு கோயம்புத்தூர்ப் பையன்தான் கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தான். முன் சீட்டில் ஒரு அம்மா தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு, "ஏனுங்கம்மா, நீங்களும் பறக்கறீங்களா?" என்று வேடிக்கையாகக் கேட்டான்.

"பறக்கதுன்னா எப்படித் தம்பி?" என்று அவள் வேடிக்கையில்லாமல் கேட்டாள். அவன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

வழியில் வழக்கமான கடையில் மிசல் பாவ். முளைகட்டின பயறுக் குழம்பின்மேல் மிக்சரைத் தூவி, சிவப்பாக எண்ணெய் மிதக்கிற சாற்றைத் தனிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மற்றவர்களெல்லாம் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது மரியம்மாள் சாற்றை மட்டும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"கொப்பரையச் சுட்டு அரைச்சிருக்கான்" என்றாள். "காரந்தான் காதடைக்கு. ஆனா இத்தன பேருக்கு உப்பு ஒண்ணுபோல நிக்கது லேசுப்பட்ட காரியமில்ல." அடுக்களைப் பக்கம் நின்ற சமையல்காரனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவனும் யாரென்று தெரியாமலே தலையசைத்தான். சின்னதுரை நின்றுகொண்டே தின்றான். இந்தக் கடையில் எத்தனை முறை தின்றிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. கொப்பரையெல்லாம் அவன் நாக்குக்குத் தட்டுப்பட்டதேயில்லை. சூடாக இருக்கிறதா, சீக்கிரம் வருகிறதா, அவ்வளவுதான்.

காம்ஷேட்டில் வண்டியைக் குன்றின் அடியில், பறந்து வருகிறவர்கள் இறங்குகிற புல்வெளிக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். அங்கிருந்து ஜீப்பில் மேலே போக வேண்டும். ஜீப் வரக் காத்துக்கொண்டிருந்தபோது மரியம்மாள் குன்றைக் காட்டிக் கேட்டாள்.

"மேல என்ன இருக்கு?"

"தெரியல அக்கா."

"எத்தன வருசமா இங்க வார?"

"வண்டியப் பாக்கணும்லா. நான் மேல ஏறினதில்ல."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. பறக்கவைக்கிற ஜெயந்த், மராத்திக்காரர், தன் ஆட்களைச் சரிபார்த்துவிட்டு, வராத இரண்டு பேருடைய இடம் காலி, யாராவது வருகிறீர்களா என்று கேட்டார். டானியா தனக்கு வேண்டாமென்று அவசரமாகத் தலையாட்டினாள். மரியம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் போறேன்னு சொல்லு" என்றாள் டானியாவிடம்.

சின்னதுரைக்குத் தூக்கக் கலக்கம் போய்விட்டது. "அக்கா, சும்மா இரி. இது உன் வயசுக்கு உள்ளதில்ல. எதாவது ஆச்சுன்னா உன் மவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அவன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"சேல கட்டிட்டுப் போக முடியாதுக்கா."

"புள்ள ஒரு பேண்டு கொண்டாந்திருக்கு. பையில பாத்தேன்."

ஜெயந்த் அவளுடைய ரத்த அழுத்தம், முட்டி, முதுகு எல்லாவற்றையும் டானியா வழியாக விசாரித்தார். ஒரு ஆள் உயர அண்டாவைத் தூக்கி இறக்கின முதுகு என்று மரியம்மாள் சொன்னதை டானியா எப்படி மொழிபெயர்த்தாளோ, அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். கூடவே சேர்த்துக் கட்டிக்கொண்டு தானே பறப்பதாகவும், தரைக்கு வரும்போது காலை நீட்டிக்கொண்டால் போதும் என்றும் சொன்னார்.

ஜீப்பில் ஏறும்போது அக்காவின் முகம் சின்னப் பிள்ளையுடையதுபோல ஆகிவிட்டதைச் சின்னதுரை பார்த்தான். டிராக் பேண்டும், அதன்மேல் டானியாவின் நீளச் சட்டையும், கொண்டையும். வேறு யாரோ மாதிரி இருந்தாள்.

"கீழ நின்னு பாக்கேன் அக்கா. பயந்தா கையக் காட்டு" என்றான்.

"பயந்தா கையக் காட்டி என்ன செய்ய? நீ வந்து புடிக்கவா போற? சும்மா பாரு, போதும்."

அவன் உண்மையாகவே பார்க்கத்தான் நின்றான். வண்டிக் கதவைத் திறந்துவைத்து, படியில் உட்கார்ந்து, குன்றின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் பறந்தார். அக்கா இல்லை. இன்னொருவர். அதுவும் இல்லை. காற்று நின்றுவிட்டது. மேலே எல்லாரும் காற்றுக்காக உட்கார்ந்திருப்பதாக, அத்தைக்குத் துணையாக ஜீப்பில் போயிருந்த டானியா போனில் சொன்னாள். கழுத்து வலித்தது. சாய்ந்துகொண்டு பார்க்கலாமே என்று பக்கத்து சீட்டில் முதுகைச் சாய்த்தான். புல்வெளிமேல் வெயில் மெத்தென்று கிடந்தது. எங்கோ ஒரு மாடு கழுத்துமணி ஆட்டியது.

கண் விழித்தபோது புல்வெளியில் பறக்கிற குடைத்துணிகளையெல்லாம் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மரியம்மாள் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணாடித் தம்ளரில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். சேலைக்கு மாறியிருந்தாள். கொண்டை மட்டும் அவிழ்ந்து கிடந்தது.

அவன் பதறி எழுந்தான். "எப்பக்கா வந்த?"

"வந்து நேரமாச்சு."

"நான் பாத்துட்டேதான் இருந்தேன். நீ அந்தப் பக்கமா வந்தேல்லா..." என்று ஆரம்பித்தான்.

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "துரை, நான் உன்ன மேல இருந்து பாத்தேன்."

அவன் குன்றின் உச்சியைப் பார்த்தான்.

"மொதல்ல ஏரி தெரிஞ்சுது. பொறவு ரோடு, வயலு. அந்த ஆளு எதோ காட்டிக் காட்டிப் பேசுனாரு, எனக்கு ஒண்ணும் வெளங்கல. நான் உன் வண்டியத்தான் தேடுனேன். வெள்ளையா தீப்பெட்டி கணக்கா நின்னுச்சு. கீழ வர வர, கதவு தொறந்து கெடக்கது தெரிஞ்சுது. உன் ரெண்டு காலும் வெளிய தொங்கிச்சு. செருப்பு ஒண்ணு கீழ கெடந்துச்சு." அவிழ்ந்த முடியை அள்ளி முடிந்தாள். "பறக்கப் போனது நானு. ஆனா விழுந்து கெடந்தது நீதான்னு தோணுச்சு. கூப்புடலாம்னு வாயெடுத்தேன். பொறவு, தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

அவளுக்குக் கோபமில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாமல் இருந்தது. குனிந்து அந்தச் செருப்பை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டான்.

திரும்பி வரும்போது பழைய நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. ஞாயிறு சாயந்திரம் எப்போதும் அப்படித்தான். ஊர் முழுக்க மலைக்குப் போய்விட்டு ஒரே நேரத்தில் திரும்பும். முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி முதல் கியர். பின்னால் எல்லாரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார்கள். கொஞ்சம் வழி விட்டதும் சின்னதுரை வேகம் எடுத்தான். அதற்கப்புறம் நடந்தது அவனுக்குத் தெரியாது. காதைக் கிழிக்கிற ஹாரன் சத்தம் கேட்டு அவன் ஸ்டீரிங்கை இழுத்தபோது, ஒரு லாரியின் பின்பக்கம் வண்டியின் பக்கக் கண்ணாடியை உரசாத குறையாக நகர்ந்தது. டானியா தூங்கிக்கொண்டிருந்தாள். முன்னால் இருந்த மரியம்மாளைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"வண்டிய ஓரம் கட்டு" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான் அக்கா. ஊரு வந்துரும்."

"ஓரம் கட்டுன்னு சொன்னேன்."

ஒரு வடா பாவ் கடை முன்னால் நிறுத்தினான். பின்னால் என்ன, என்ன என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் குரல் எழுந்தது. மரியம்மாள் இறங்கிப் பின்கதவைத் திறந்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் எறங்குங்க. என் தம்பி படுக்கணும்."

முரளிதான் முன்னால் வந்தான். "ஏனுங்கம்மா, எங்களுக்கு நேரமாச்சுங்க. ரெண்டு பேருக்கு டிரெயின் இருக்குது. எனக்குக் காலைல மீட்டிங் வேற. டீ குடிச்சா சரியாயிருமுங்க அண்ணனுக்கு."

"டீயில சரியாவுறது இல்ல இது. இப்பம் கண்ண மூடிட்டு ஓட்டுனான், லாரியில போயி விழுந்திருப்போம். மீட்டிங்குக்குப் போறதுக்கு ஆளு வேணும்லா தம்பி."

முரளி முன் சீட்டைப் பார்த்தான். சின்னதுரை ஸ்டீரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தான். பையன் தலையைச் சொறிந்துவிட்டு, தன் கூட்டத்திடம் போய் இங்கிலீஷில் பேசினான். சிலர் முனகினார்கள். ஒருத்தி டூர் ஆபீசுக்குப் போன் போட்டாள். டிரெயின் பிடிக்க வேண்டிய இருவரும் ஒரு காரை வரவழைத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் கடையில் வடை தின்றார்கள். சின்னதுரை நீட்டி நிமிர்ந்து பின்சீட்டில் படுத்தான். வெட்கத்தில் தூக்கம் வராது என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனான். எழுந்தபோது மரியம்மாள் வண்டிப் படியில், யாரையும் உள்ளே விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் எதையும் மறைக்கவில்லை. "ஈனிட், இவன் ரோட்டுல தூங்குதான்" என்றாள்.

ஈனிட் கையிலிருந்த தட்டை மேடையில் வைத்தாள். "தெரியும் மைனி" என்றாள். "தினம் ஃபோன் அடிச்சா, இன்னைக்கு அந்த ஃபோன்தான்னு நினைச்சு எடுப்பேன். சொல்லணும்னு நினைப்பேன். சொல்ல டைம் எங்க? நான் போறப்போ இவங்க வராங்க." அவள் அழவில்லை. ஆனால் அவ்வளவு சோர்ந்த முகத்தைச் சின்னதுரை அதுவரை கவனித்ததில்லை. தனக்கு மட்டும்தான் அசதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தான்.

மறுநாள் டூர் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். யாரோ புகார் எழுதியிருந்தார்கள். நாங்கள் சொல்லும்வரை சனி, ஞாயிறு வர வேண்டாம் என்றார்கள். அவனுக்கு அவமானமாகவும் இருந்தது, முதுகிலிருந்து மூட்டையை யாரோ இறக்கியதுபோலவும் இருந்தது. அந்த வாரமே கேப் எடுத்து நடத்துகிற காசிமிடம் போய்ப் பகல் ஷிப்டு கேட்டான். பகலில் டிராஃபிக் கொல்லும், கையில் வருவதும் குறையும் என்று காசிம் எச்சரித்தார். பரவாயில்லை என்றான். வீட்டில் ஈனிட் சாயந்திரங்களில் நாலு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க வேண்டிவந்தது. அதில் அவனுக்கு வருத்தம்தான்.

மரியம்மாள் ஊருக்குப் புறப்பட்ட அன்று அவனே ஸ்டேஷனுக்கு வந்தான். ரயில் வரத் தாமதமானது. அந்த நேரத்தில் அவர்கள் அத்தானைப் பற்றி, கத்தார் வெயிலைப் பற்றி, டானியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கக்கூடாது, அவளே பார்த்துக்கொள்வாள் என்பதைப் பற்றியெல்லாம் பேசினார்கள். கேட்க நினைத்ததை அவன் கடைசியில்தான் கேட்டான்.

"பறக்கும்போது எப்படிக்கா இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். "சத்தமே இல்லல. காத்து மட்டுந்தான். யாருக்கும் ஒண்ணும் செய்ய வேண்டாம். கொஞ்ச நேரந்தான், ஆனா நல்லாருந்துச்சு."

பகல் ஷிப்டு வந்துவிட்டால் அசதி போய்விடும் என்று அவன் எண்ணியது நடக்கவில்லை. வாகட் பாலத்தடி நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து முட்டி வலித்தது. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் பேச்சு வராது. ஆனாலும் எல்லாரும் விழித்திருக்கிற நேரத்தில் வந்தான்.

வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்தான். அடுக்களைக் குழாய் சொட்டிக்கொண்டிருப்பதைக் கண்டான்.

"இது எப்பலேர்ந்து ஒழுகுது?"

"போன மழைக்காலத்துலேர்ந்து" என்றாள் ஈனிட். "பிளம்பரக் கூப்பிடணும்."

"நானே பாக்கேன்" என்று கடைக்குப் போய் வாஷர் வாங்கிவந்து மாட்டினான். மாட்டியபின் முன்னைவிட அதிகமாக ஒழுகியது. தரையெல்லாம் தண்ணீர். டானியா துணியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, "அப்பா, நீங்க டிரைவர் மட்டும் ஓகே" என்றாள். ஈனிட் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது.

குழாயடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.